கூட்டல் போட ஒரு பையன்

"கூட்டல் போட ஒரு பையன் வேணும்." விருதுநகரில் பி.காம். முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தவனுக்கு அந்தக் காலத்தில் வேலை இப்படித்தான் வந்து சேரும். பேப்பரில் விளம்பரம் வராது. தெப்பக்குளத்தைச் சுற்றிய பஜாரில் யாராவது ஒரு மண்டி அண்ணாச்சி டீ குடிக்கும்போது சொல்லிவைப்பார். அது எப்படியோ டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் சார் காதுக்குப் போகும். லோயர், ஹையர் இரண்டும் பாஸ் பண்ணி, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்த அட்டையை பாலிதீன் கவரில் பத்திரப்படுத்திவிட்டு, பழக்கதோஷத்தில் சாயங்காலமானால் இன்ஸ்டிட்யூட் வாசலில் வந்து நிற்கிற பையன்கள் எப்போதும் சிலர் உண்டு. அவர்களில் ஒருவனைப் பார்த்து சார் அனுப்பிவைப்பார். 1993-இல் என்னை அனுப்பினார்.

அனுபவம் உண்டா என்று அண்ணாச்சி கேட்கவில்லை. எந்தத் தெரு, அப்பா என்ன பார்க்கிறார், இன்னாருக்கு நீ என்ன முறை என்று விசாரித்தார். பிறகு ஒரு துண்டுச் சீட்டை நீட்டி ஒன்றிலிருந்து பத்துவரை எழுதச் சொன்னார். எழுதினேன். அதை அவர் பார்க்கவில்லை. மூலையில் இருந்த கணக்குப்பிள்ளையிடம் சீட்டு போனது. ஏழு ஒன்றைப் போல் இருக்கிறதா, சைபரின் வாய் மூடியிருக்கிறதா, அவ்வளவுதான் பரீட்சை. "இருக்கட்டும்" என்றார் அவர். சம்பளம் எவ்வளவு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அண்ணாச்சியே "பாத்துச் செய்வோம் தம்பி" என்றார். மாசக் கடைசியில் 600 ரூபாய் கையில் கொடுத்தார். சம்பளக் கணக்கில் அதைப் பற்று எழுதியதும் நான்தான்.

மண்டியில் முன்பக்கம் கல்லாவும் கணக்கு மேஜையும், பின்பக்கம் கிட்டங்கி. வத்தல், மல்லி, உளுந்து, பாசிப்பயறு என்று மூடை மூடையாக அட்டி போட்டிருக்கும். வத்தல் வரத்துக் காலத்தில் கிட்டங்கிக் கதவைத் திறந்தால் தெருவில் போகிறவர்களும் தும்முவார்கள். புதுப்பையன் தும்முவது மூடை தூக்குகிறவர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. "கணக்கு எழுதறவரு தும்மப்படாது, மை தெறிச்சிரும்" என்று ஒருவர் சொல்ல மற்றவர்கள் சிரிப்பார்கள். கொஞ்ச நாளில் தும்மல் தானாக நின்றுவிட்டது. ஆனால் அம்மா என் சட்டையை மட்டும் தனி வாளியில்தான் ஊறப்போடுவாள்.

கல்லூரியில் படித்துவிட்டு வந்ததை நினைத்தால் சிரிப்பு வருகிறது. கூட்டாளிகளில் ஒருவர் நொடித்துப்போனால் அவருடைய பற்றாக்குறையை மற்றவர்கள் எந்த விகிதத்தில் தாங்குவது என்ற கார்னர் – மர்ரே வழக்குத் தீர்ப்பை, 1904 என்ற வருஷத்தோடு தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இன்றுவரை அதற்கு ஒரு வேலை வந்ததில்லை. பாங்கில் பணம் கட்டும் சலானை மட்டும் அதுவரை கையால் தொட்டதில்லை. ஒரே ஒரு பாடம் மண்டியில் உயிரோடு இருந்தது, கன்சைன்மென்ட் கணக்கு. சரக்கு ஒருவருடையது, விற்றுக் கொடுப்பவர் இன்னொருவர். புத்தகத்தில் அக்கவுண்ட் சேல்ஸ் என்று கட்டம் போட்டிருந்ததற்கு மண்டியில் பட்டியல் என்று பெயர். வாங்கினவன் பணம் தராமல் ஓடிப்போனாலும் சரக்கைக் கொண்டுவந்த சம்சாரிக்கு மண்டிக்காரர் தந்தே ஆகவேண்டும். அந்தப் பொறுப்பை ஏற்பதற்குக் கொடுக்கும் கூலியை டெல் கிரெடரே கமிஷன் என்று பரீட்சைக்காக உருப்போட்டிருந்தேன். அண்ணாச்சி அந்தப் பெயரைக் கேள்விப்படாமலே ராத்திரித் தூக்கம் கெட்டு அந்தப் பொறுப்பைச் சுமந்துகொண்டிருந்தார்.

பட்டியலைச் சம்சாரிக்கு வாசித்துக் காட்டுவதும் என் வேலை. சாத்தூர்ப் பக்கமிருந்தோ அருப்புக்கோட்டைப் பக்கமிருந்தோ வந்தவர் துண்டை உதறிவிட்டு பெஞ்சில் உட்காருவார். இத்தனை மூடை, எடை இவ்வளவு, சாக்குக் கழிவு போக இவ்வளவு, விலை இவ்வளவு. இதில் கமிஷன், இறக்குக்கூலி, லாரி வாடகை, மகமை, முன்னாலேயே வாங்கின பணம். கணக்குப்பிள்ளை எனக்கு முதலிலேயே சொல்லிவைத்திருந்தார்: "ஒவ்வொரு கழிவுக்கும் நிறுத்தி அவரு மொகத்தைப் பாரு. தலையாட்டின பெறகு அடுத்ததை வாசி." அப்படி நிறுத்தி நிறுத்தி வாசித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர், நான் அடிக்கு வருமுன்பே மீதித் தொகையைச் சொல்லிவிட்டார். பட்டியலில் இருந்ததும் அதுவேதான், ரூபாய் பிசகவில்லை. கைநாட்டுக்காக விரலை மைப்பெட்டியில் வைத்துக்கொண்டே, "பெறகென்ன, கொடுங்க" என்றார்.

மகமை என்பதற்கு யாரும் விளக்கம் கேட்டதில்லை. வியாபாரத்தில் ஒரு சிறு பங்கைப் பொதுக் காரியத்துக்கு எடுத்துவைப்பது அந்த ஊர் வழக்கம். மகமையாலும் வீட்டுக்கு வீடு எடுத்த பிடி அரிசியாலும் எழுந்த பள்ளிக்கூடங்கள் கண்முன்னே நின்றன. காமராஜர் படித்த சத்திரிய வித்யாசாலா அந்த வரிசைதான். பேரேட்டில் மகமைக்குத் தனிப்பக்கம் உண்டு. வேறு எந்தக் கணக்கில் இழுபறி ஆனாலும் அதில் ஆகாது.

கணக்குப்பிள்ளை பகலில் சிட்டையில் எழுதுவார், விளக்கு வைத்த பிறகு ரொக்கக் குறிப்புக்கு ஏற்றுவார், மறுநாள் காலையில் பேரேட்டில் பதிவார். மேற்படிக்கு ௸, வரவுக்கு ௷, பற்றுக்கு ௶ என்று அவர் பேனா சுழிக்கிற வேகத்தில் எனக்கு முதலில் எதுவும் பிடிபடவில்லை. தப்பான தொகையை அழிக்க மாட்டார், அதன்மேலேயே திருத்தி எழுதவும் மாட்டார். ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிச் சுருக்கொப்பம் போடுவார். அடித்ததையும் பிறத்தியார் படிக்க முடியவேண்டும் என்பது அவர் சட்டம். கூட்டலைக் கீழிருந்து மேலே ஒருதரம், மேலிருந்து கீழே ஒருதரம் போடவேண்டும். ஒரே திசையில் இரண்டுமுறை போனால், முதல்முறை சறுக்கின இடத்திலேயே மறுமுறையும் மனசு சறுக்கும். மேஜை டிராயரில் கால்குலேட்டர் கிடந்தது. "அது அண்ணாச்சிக்கு" என்று மூடிவிட்டார்.

பக்கம் பக்கமாகக் கூட்டி, அடியில் வந்ததை அடுத்த பக்கத்துக்குத் தூக்கி எழுதுவது மகா அலுப்பான வேலை. ஆனால் கண் அந்தப் பத்திகளில் ஏறி இறங்கும்போது வேறு ஒன்றும் நடந்துகொண்டிருந்தது. எந்தப் பார்ட்டி தீபாவளிக்கு மட்டும் பணம் அனுப்புவார், எவர் வாரந்தவறாமல் டிராஃப்ட் எடுப்பார் என்பது யாரும் சொல்லாமலே தெரிய ஆரம்பித்தது. முக்கியமாக ஒன்று தெரிந்தது. நன்றாக இருக்கிற வியாபாரி பில் தொகையை அப்படியே அனுப்புவான், 8,437 என்றால் 8,437. கை இறுகத் தொடங்கினால் தொகை உருண்டையாகிவிடும். 5,000 வரும், பிறகு 3,000 வரும், எந்தப் பில்லுக்கு என்று எழுதியிருக்காது. பேரேட்டில் உருண்டைத் தொகைகள் வரிசையாக விழுந்தால் அந்தப் பார்ட்டிக்கு இனி சரக்கு அனுப்பலாமா என்று அண்ணாச்சியிடம் கேட்கவேண்டும். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. கூட்டல் போட்டதில் வந்தது.

பங்குனி வந்தால் இரண்டு நெருக்கடி ஒன்றாக வரும். மார்ச் 31-க்குக் கணக்கு முடிக்கவேண்டும். அதை ஒட்டியே பராசக்தி மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல், அப்புறம் பொருட்காட்சி. கணக்குப்பிள்ளைக்கு இந்த மார்ச் 31-இன் மேலேயே வருத்தம் இருந்தது. முன்பெல்லாம் அவரவர் வசதிப்படி சித்திரை ஒன்று, தீபாவளி என்று கணக்கை முடித்துக்கொள்ள வருமான வரிச் சட்டம் விட்டிருந்தது. 1989-90 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து எல்லோருக்கும் மார்ச் 31 என்று ஆகிவிட்டது. "வருசம் பொறக்கிறதுக்கு முன்னாலேயே முடிக்கச் சொல்றான்" என்பார். ஆனாலும் சித்திரை ஒன்றன்று புதுப் பேரேட்டின் மூலைகளில் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு, லாபம் என்று எழுதிப் பூஜை செய்த பிறகுதான் அதில் மற்றது எழுதுவார். ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அதுவரைக்கும் உள்ளது சிட்டையில் காத்திருக்கும்.

இருப்பு எடுக்க அட்டி மேல் ஏறுவது பையன் வேலை. நீளத்தில் இத்தனை, அகலத்தில் இத்தனை, உயரத்தில் இத்தனை என்று கீழே நின்று பெருக்கிச் சொல்லிவிடலாம். அவர் ஒப்ப மாட்டார். மேலே ஏறிப் போய், நடுவில் பள்ளம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லவேண்டும். வத்தல் காயக் காய எடை குறையும் என்பதால், மூடை எண்ணிக்கை சரியாக இருந்தாலும் எடை சரியாக இராது. அந்தக் குறைச்சல் எவ்வளவுவரை நியாயம், எதற்கு மேலே சந்தேகம் என்பது அவர் மனசில் ஒரு கோடாக இருந்தது.

அந்த வருஷம் பற்றும் வரவும் 63 ரூபாய் உதைத்தது. கோயில் பக்கம் மேளம் கேட்டுக்கொண்டிருந்தது. அண்ணாச்சிக்கு வீட்டில் விருந்தாள்கள். "அறுபத்து மூணு ரூவாதானே, என் கணக்குல எழுதிருங்க" என்றார். கணக்குப்பிள்ளை நிமிரவில்லை. "அறுவத்து மூணுன்னு எப்படித் தெரியும்? பத்தாயிரத்து அறுவத்து மூணு ஒரு பக்கம் தப்பி, பத்தாயிரம் இன்னொரு பக்கம் தப்பியிருந்தா?" அண்ணாச்சி போய்விட்டார். என்னைப் பார்த்து, "ஒம்பதால போகுதா?" என்றார். ஏழு முறை போனது. வித்தியாசம் ஒன்பதால் மீதியில்லாமல் வகுபட்டால் அநேகமாக எங்கேயோ இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கும். இரட்டைப்படையாக இருந்தால் அதில் பாதித் தொகையைத் தேடவேண்டும், ஒரு பதிவு பக்கம் மாறி விழுந்திருக்கலாம். நாங்கள் ஒன்பதைப் பிடித்துக்கொண்டு தேடினோம். அவர் குறிப்பிலிருந்து வாசிக்க, நான் பேரேட்டில் விரல் வைத்துப் போனேன். மல்லிப் பார்ட்டி ஒருவர் பக்கத்தில் 2,781 என்பது 2,718 ஆக இருந்தது. யார் கை என்று அவர் ஆராயவில்லை. ஒற்றைக் கோடு போட்டார், திருத்தினார், பேனாவை மூடினார். "வா, பொரிச்ச பரோட்டா திங்கலாம்" என்றார்.

வடநாட்டுப் பார்ட்டிகளுக்குச் சி ஃபாரம் கேட்டு எழுதுவதும் என் பொறுப்பு. அன்று வெளிமாநிலத்துக்கு வத்தல் அனுப்பினால், வாங்கினவர் சி ஃபாரம் தந்தால்தான் மத்திய விற்பனை வரி 4 சதவீதம். தராவிட்டால் கூடுதல் வரி நம் தலையில். சரக்குக்கு அவசரப்படுகிற மனுஷர்கள் ஃபாரத்துக்கு அவசரப்பட மாட்டார்கள். போஸ்ட்கார்டு மேல் போஸ்ட்கார்டாக எழுதுவேன். 'கைண்ட்லி' என்று ஆரம்பித்து, மூன்றாவது கார்டில் 'வெரி அர்ஜென்ட்' ஆகி, அதற்கும் மசியாதவருக்கு அண்ணாச்சி டிரங்க்கால் போட்டு ஹிந்தியும் தமிழும் கலந்து சத்தம் போடுவார்.

அங்கேயே இருந்திருக்கலாம். கணக்குப்பிள்ளைதான் ஒருநாள் சொன்னார்: "இந்த மேஜைக்கு ஒரு நாற்காலிதான் தம்பி. நான் இப்போதைக்கு எந்திரிக்கிறதா இல்லை." மதுரையில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் ஆள் எடுப்பதாக அவரே விசாரித்துவைத்திருந்தார். ஆடிட்டர் என் மார்க் ஷீட்டைப் புரட்டவில்லை. எங்கே வேலை பார்த்தீர்கள் என்றார், சொன்னேன். "அவர்கிட்டயா? திங்கக்கிழமை வாங்க" என்றார்.

அப்போது ஆடிட் ஆபீஸில் இரண்டு சாதி. சி.ஏ. படிக்கிற ஆர்ட்டிக்கிள் பையன்கள் மூன்று வருஷத்துக்கு வருவார்கள், பேருக்கு ஒரு ஸ்டைபெண்ட் வாங்குவார்கள், பரீட்சை வந்தால் லீவு போடுவார்கள். எங்களைப் போன்ற அசிஸ்டெண்டுகள் எங்கும் போகமாட்டோம். இரண்டு சாதிக்கும் பொதுவானது பச்சை மை. கட்சிக்காரரின் ஆள் நீலத்திலும் கறுப்பிலும் எழுதியதன்மேல் நாங்கள் பச்சையில் டிக் அடிப்போம். வவுச்சரோடு ஒத்துப்பார்த்ததற்கு ஒரு மாதிரி, பேரேட்டுப் பதிவுக்கு ஒரு மாதிரி, கூட்டலுக்கு ஒரு மாதிரி. கீழமாசி வீதிக் கடைகளின் மாடியில் மின்விசிறி காகிதத்தைப் பறக்கடிக்க, ஒரு கையால் அமுக்கிக்கொண்டு மறுகையால் டிக் அடித்த பகல்களில் வலது சுட்டுவிரல் நகக்கண் எப்போதும் பச்சையாகவே இருந்தது.

அக்டோபர் மாதம் வீடு இருந்தது ஞாபகமே இல்லை. விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டிய வியாபாரத்துக்கெல்லாம் வருமான வரிச் சட்டத்தின் 44ஏபி தணிக்கை, 31-ஆம் தேதி கெடு. 3சிடி படிவத்தைக் கார்பன் வைத்து டைப் அடிக்கவேண்டும். ஒரு எண் தப்பினால் நகல் ஒவ்வொன்றாகப் பிரித்து வெள்ளை மை தடவி ஊதிக் காயவைக்கவேண்டும். டைப்ரைட்டிங் சாருக்கு மனசுக்குள் நன்றி சொன்னது அப்போதுதான். 1997-இல் ப. சிதம்பரம் கொண்டுவந்த தானாக முன்வந்து வருமானத்தை அறிவிக்கும் திட்டம் டிசம்பர் 31-இல் முடிந்தபோது, இன்னொரு அக்டோபர் வந்த கதைதான். 30 சதவீத வரி கட்டினால் போதும் என்றதும், அதுவரை ஏழையாகவே கணக்குக் காட்டியவர்கள் பெட்டியும் கையுமாக வந்து நின்றார்கள்.

கணக்கு எழுதும் டேலி மென்பொருள் எங்களிடம் வந்ததும் அந்தச் சமயத்தில்தான். டாஸில் ஓடிய 4.5. 'கேட்வே ஆஃப் டேலி' என்று திரையில் விழும். எஃப்5 அடித்தால் பணம் கொடுத்தது, எஃப்6 அடித்தால் வாங்கியது. ஆபீஸ் சார்பில் நான் பழைய மண்டிக்கும் போய் அதை நிறுவிக் கொடுக்க நேர்ந்தது. கணக்குப்பிள்ளை நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, நான் ஒரு நாள் வியாபாரத்தை உள்ளே ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பட்டனைத் தட்டியதும் இருப்புச் சோதனை வந்து நின்றது, இரண்டு பக்கமும் ஒன்றாக.

"கூட்டல் தப்பாப் போட்டா எப்படித் தெரியும்?"

"தப்பாப் போடாதுங்க."

"ஒருநாளும்?"

"ஒருநாளும்."

கொஞ்சநேரம் யோசித்தார். "அப்ப இனிமே பையன் எதுக்கு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த மேஜைக்கு எனக்குப் பின்னால் வந்திருந்த பையன் அப்போது டீ வாங்கப் போயிருந்தான்.

தொழில் மாறியதைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. 2007-இல் வாட், 2017-இல் ஜிஎஸ்டி என்று சட்டம் புரண்ட வேகத்துக்குக் கையால் எழுதிக்கொண்டிருந்தால் மூச்சு முட்டியிருக்கும். ஆனால் டேலியில் இருப்புச் சோதனை எப்போதும் ஒத்துப்போவதாலேயே ஒரு சங்கடம் உண்டு. வாகனச் செலவை வாகனத்தின் விலையில் ஏற்றினாலும் அது ஒத்துத்தான் போகும். தப்பு ஓசை கொடுக்காது. அதைக் கண்டுபிடிக்கிற கண், அலுப்பான கூட்டல்களில் பழகிய கண். ஒன்றும் தெரியாதவனுக்கென்று ஒரு வேலை இருந்தது. அதைச் செய்யச் செய்ய ஒன்றிரண்டு தெரிந்தவனானான். அந்த வேலையை இயந்திரம் வாங்கிக்கொண்ட பிறகு, தெரிந்தவன் மட்டும் வா என்கிறார்கள். தெரிந்துகொள்வதற்கு எங்கே போவது என்று கேட்டால் கோர்ஸ் ஃபீஸ் சொல்கிறார்கள்.

அக்கா மகள் பி.காம். கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் முடித்துவிட்டு, வந்த விளம்பரங்களையெல்லாம் ஃபோனில் காட்டினாள். எல்லாவற்றிலும் இரண்டு வருஷ அனுபவம். "மாமா, ஃப்ரெஷர் வேணும்னு போட்டு கீழேயே அனுபவம் கேக்கிறான்" என்று சிரித்தாள். பெரிய கம்பெனிகளை விடச் சொன்னேன். ஆகஸ்டில், தணிக்கைக் கெடு நெருங்கும் நேரத்தில், அகலமில்லாத மாடிப்படி ஏறிப்போகிற ஆபீஸ்களாகப் பார்த்து நேரில் போய்க் கேட்கச் சொன்னேன். அந்த நேரத்தில் அவர்களுக்குக் கை போதாது, பயோடேட்டாவைப் படிக்கவும் நேரமிருக்காது. அப்படியே ஒன்றில் நுழைந்துவிட்டாள்.

அவளுக்குக் கொடுத்திருக்கிற வேலை 2பி ஒத்துப்பார்ப்பது. 2022 ஜனவரியிலிருந்து, சரக்கு கொடுத்தவர் தன் பில்லை ஜிஎஸ்டி தளத்தில் ஏற்றி, அது நம்முடைய 2பி-யில் வந்தால்தான் கட்டின வரியைக் கழித்துக்கொள்ள முடியும். வராத பில்களைப் பட்டியல் எடுத்து ஒவ்வொரு பார்ட்டியாகத் துரத்தவேண்டும். மாதம் 11-ஆம் தேதிக்குள் அவர்கள் ஏற்றவேண்டும், 14-ஆம் தேதி 2பி வரும், அதுவரை இவளுக்குத் தொண்டைத் தண்ணி வற்றும். ஒருத்தர் எடுப்பதே இல்லையாம், ஒருத்தர் ஆடிட்டரைக் கேளுங்கள் என்கிறாராம், ஆடிட்டர் பார்ட்டியைக் கேளுங்கள் என்கிறாராம். இந்த வேலைக்கு இயந்திரம் வந்துவிடுமா என்று கேட்டாள். பார்ட்டி மாறுகிறவரை வராது என்றேன்.

சி ஃபாரக் கதையை அவளிடம் சொன்னேன். போஸ்ட்கார்டில் என்ன எழுதுவீர்கள் என்று கேட்டாள், சொன்னேன். போன மாதம் நாக்பூர் பார்ட்டி ஒருவருக்கு, அதே 'கைண்ட்லி'யில் ஆரம்பித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாளாம். உடனே இரண்டு நீல டிக் விழுந்ததாம், பில் இன்னும் ஏறவில்லையாம்.